வீட்டுக் குப்பையில சமையல் கேஸ்: கடலூர், புதுச்சேரி பக்கம் இருக்கறவங்களுக்கு

வடிச்ச கஞ்சி, காய்த்தோல், மீந்த சோறு, புளிச்சுப்போன இட்லி மாவு, மீன் நறுக்கின கழிவு, இதெல்லாத்தையும் ஒரு டேங்க்ல போட்டு அதுல வர்ற கேஸ்ல (பயோகேஸ்) தினமும் ஒரு வேளை அடுப்பு எரிக்கலாம், வெளிய வர்ற கரைசல செடிக்கு ஊத்தலாம். பெரிய இடம் வேணாம், நல்லா வெயில் படற ஒரு மூலை போதும். நம்ம பக்கம் ஆசைப்பட்டு வெச்சவங்க நிறைய பேர் உண்டு, ஆனா மூணு நாலு மாசத்துல நாத்தம் வருது, கேஸ் வரல, இது வேலைக்கு ஆவலன்னு ஓரமா கவுத்து வெச்சிடறாங்க. டேங்க் மேல தப்பு இல்ல. அத குப்பைத்தொட்டி மாதிரி நெனச்சு கையில கெடச்சதெல்லாம் கொட்டறதாலதான் அது படுத்துடுது.

உள்ள நடக்கறது மாட்டு வயித்துல நடக்கற அதே வேலை. காத்து போகாத இடத்துல ரெண்டு கூட்டம் நுண்ணுயிர் இருக்கும். முதல் கூட்டம் சோத்தையும் காயையும் கரைச்சு அமிலமா மாத்தும், ரெண்டாவது கூட்டம் அந்த அமிலத்த சாப்ட்டு மீத்தேன் விடும். முதல் கூட்டம் ரொம்ப வேகம், ரெண்டாவது ரொம்ப மெதுவு. நீங்க ஒரே நாள்ல அஞ்சு கிலோ பழைய சோறு கொட்டினா அமிலம் குவிஞ்சு போய் ரெண்டாவது கூட்டம் செத்துரும், அதோட கேஸ் நின்னுடும். இந்த ஒரு விஷயம் மனசுல இருந்தா மீதி எல்லாம் தானா புரியும். வர்ற கேஸ்ல பாதிக்கு மேல, சுமாரா 55 லருந்து 60 சதவீதம் மீத்தேன், மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, கொஞ்சூண்டு அழுகின முட்டை வாடை அடிக்கற ஹைட்ரஜன் சல்ஃபைடு.

நம்ம மாவட்டத்துலயே நெய்வேலி இருக்கு, கோடிக்கணக்கான வருஷமா மண்ணுக்கடியில கெடந்த நிலக்கரிய தோண்டி எரிக்கறோம். டேங்க்ல எரியறது போன போகத்து நெல்லும் இந்த வாரத்து வெண்டைக்காயும், அந்தப் பயிர் காத்துலருந்து எடுத்த கார்பன்தான் திரும்பக் காத்துக்குப் போகுது, கரைசல் மண்ணுக்குப் போயி அடுத்த பயிரா வருது. ஆனா இதே குப்பை கிடங்குல மலையா குவிஞ்சு காத்தில்லாம அழுகினாலும் அதே மீத்தேன்தான் வரும், எரியாம அப்படியே மேல போகும், நூறு வருஷக் கணக்குல பாத்தா கார்பன் டை ஆக்சைடவிட கிட்டத்தட்ட 28 மடங்கு சூடேத்தற வாயு அது. அதனால வீட்ல டேங்க் வெச்சு கேஸ கசிய விடறதுக்கு வெக்காமலே இருக்கலாம். லீக் விஷயத்துல ரொம்ப கறாரா இருங்க.

மொதல்ல கணக்கு. ஒரு கிலோ சாப்பாட்டுக் கழிவுல சுமாரா 100 லிட்டர் கேஸ் கெடைக்கும், மாட்டுச் சாணின்னா ஒரு கிலோவுக்கு 40 லிட்டர்தான், ஏன்னா மாடு ஏற்கனவே சத்த எடுத்துருச்சு. வீட்டு அடுப்பு ஒண்ணு எரிய ஒரு மணி நேரத்துக்கு 300 லிட்டர் வாக்குல ஆகும். அப்ப தினம் மூணு கிலோ போட்டா ஒரு மணி நேரம் அடுப்பு. நாலு பேர் இருக்கற வீட்ல ஒரு கிலோ, ஒன்றரை கிலோதான் கழிவு வரும், அதனால பக்கத்து வீட்லயோ தெருமுனை டிபன் கடை அக்காகிட்டயோ ஒரு வாளி குடுத்து வெச்சு வாங்கிக்கணும். ஒரு கன மீட்டர், அதாவது 1000 லிட்டர் கேஸ் சுமாரா 0.45 கிலோ எல்பிஜிக்கு சமம், அதாவது இந்த அளவுக்கு ஓட்டினா நாலு மாசத்துல ஒரு 14.2 கிலோ சிலிண்டர் மிச்சம். சிலிண்டரே வேணாம்னு சொல்லி விக்கறவங்கள நம்பாதீங்க. நாலு மாசத்துக்கு ஒரு சிலிண்டர்ங்கறதே நல்ல மிச்சம்தான், கூடவே உரம் இருக்கு.

இப்ப டேங்க். 1000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் ஒண்ணு, 750 லிட்டர் டேங்க் ஒண்ணு, பழசு கெடச்சாலும் ஓட்டை இல்லாம இருந்தா சரி. ரெண்டோட மேல்பக்கத்தையும் அறுத்து எடுத்துட்டு பெருசுக்குள்ள சின்னத கவுத்து வெக்கணும். உள்ள கேஸ் சேரச் சேர கவுத்த டேங்க் மேல எழும்பும், அத பாத்தே எவ்ளோ கேஸ் இருக்குன்னு தெரிஞ்சிக்கலாம். வாங்கறப்பவே ஒண்ணுக்குள்ள ஒண்ண போட்டுப் பாருங்க, ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ கம்மியா இடைவெளி இருக்கோ அவ்ளோ நல்லது, ஆனா ஒரசக் கூடாது. அந்தக் காலத்துல கிராமத்துல காதி போர்டு மாடல்னு இரும்பு டிரம் வெச்ச கோபர் கேஸ் பாத்திருப்பீங்க, 1981-82 ல மத்திய அரசு தேசிய சாண எரிவாயு திட்டம் கொண்டு வந்தப்புறம் நிறைய வந்தது. கடலோரத்துல உப்புக்காத்துக்கு அந்த இரும்பு தாங்காது, வருஷா வருஷம் பெயிண்ட் அடிச்சே ஆகணும். நமக்கு பிளாஸ்டிக்தான் சரி.

பெரிய டேங்க்ல கழிவு போடற பைப் 4 இன்ச் பிவிசி, அடி வரைக்கும் எறங்கணும், அடியில படாம அரை அடி மேல நிக்கணும். அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் மேல்விளிம்புக்குக் கொஞ்சம் கீழ கரைசல் வழியற பைப் இரண்டரை இன்ச். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சீங்கன்னா காலைல போட்டது சாயங்காலமே செரிக்காம வெளிய வந்துரும். அடியில ஒரு 2 இன்ச் வால்வு, வண்டல் எடுக்க. கவுத்த டேங்க் உச்சியில அரை இன்ச் டேங்க் நிப்பிள், பால் வால்வு, அதுலருந்து ஹோஸ். சேர்க்கற எடத்துல எல்லாம் ரப்பர் வாஷர் போட்டு எம்-சீல் வெச்சு ஒரு நாள் காய விடுங்க. கவுத்த டேங்க் ஆடாம நேரா ஏறி எறங்க மூணு பக்கமும் கம்பியோ பைப்போ நட்டு காவல் குடுக்கணும். நடுவுல இருக்கற இடுக்குல கொசு முட்டை போடும், டெங்கு ஊர் நம்மது, கொசுவலைய வெட்டி சுத்திக் கட்டிடுங்க.

ஆரம்பிக்கறதுக்குப் புதுச் சாணி 150 லருந்து 200 கிலோ வேணும், அதே அளவு தண்ணி ஊத்தி கல்லு, வைக்கோல் எல்லாம் எடுத்துட்டு கரைச்சு ஊத்துங்க, மீதி அளவுக்குத் தண்ணி. ஊசி போட்டிருக்கற மாட்டோட சாணி வேணாம், ஆன்டிபயாட்டிக் நம்ம நுண்ணுயிரையும் கொல்லும். குளோரின் வாடை வர்ற முனிசிபல் தண்ணின்னா ஒரு ராத்திரி தொறந்து வெச்சு ஊத்துங்க. ஏற்கனவே ஓடிட்டிருக்கற பிளான்ட்லருந்து ரெண்டு கேன் கரைசல் கெடச்சா ஒரு வாரம் மிச்சம். அப்புறம் ஒண்ணும் பண்ணாதீங்க. ரெண்டு மூணு வாரத்துல டிரம், அதான் அந்த கவுத்த டேங்க், எழும்பும், சந்தோஷத்துல உடனே பத்த வெக்கக் கூடாது, முதல் தடவை நெறையறதுல காத்து கலந்திருக்கும், வெடிக்கற கலவை அது. அத வெளியில தெறந்த எடத்துல, பக்கத்துல நெருப்பு இல்லாம விட்டுடுங்க. கேஸ் வீணாவுதேன்னு பாக்காதீங்க, இந்த ஒரு தடவைக்கு மட்டும் வேற வழி இல்ல. ரெண்டாவது தடவை நெறைஞ்சதும் அடுப்புல மட்டும் பத்த வெச்சுப் பாருங்க, டேங்க் வாய்ல ஒருநாளும் தீக்குச்சி காட்டக் கூடாது.

எரிய ஆரம்பிச்சதும் தினமும் அரை கிலோ. ஒரு வாரம் அதே அரை கிலோ. அப்புறம் வாரத்துக்கு அரை கிலோ ஏத்திக்கிட்டே போயி மூணு கிலோல நிறுத்திக்கோங்க. சின்னதா நறுக்கி இல்லன்னா பழைய மிக்சில ஒரு சுத்து சுத்தி, அதே அளவோ ரெண்டு மடங்கோ தண்ணி கலந்து, முடிஞ்சா தினம் ஒரே நேரத்துல ஊத்துங்க. புதுத் தண்ணிக்குப் பதிலா கழனித்தண்ணியோ வெளிய வர்ற கரைசலையோ கலந்தா தண்ணியும் மிச்சம், உள்ள இருக்கற நுண்ணுயிரும் வெளிய போகாம திரும்ப வரும். கல்யாணம் காதுகுத்துக்கு மீந்து போச்சுன்னு ஒரு அண்டா சாம்பார் சாதத்த கொண்டாந்து கொட்டறதுதான் நம்ம ஊர் டேங்குக்கு வர்ற முக்கால்வாசி சாவு.

எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி தோல் வேணாம், அதுல இருக்கற எண்ணெய் நுண்ணுயிருக்கு ஆகாது. முட்டை ஓடு, எலும்பு, தேங்கா நார், கறிவேப்பிலைக் குச்சி செரிக்காது. பாத்திரம் தேய்ச்ச சோப்புத் தண்ணி, பினாயில், பிளீச்சிங் பவுடர் ஒரு சொட்டு கூட கூடாது. மீன் கழிவு நம்ம பக்கம் நெறைய கெடைக்கும், நல்ல கேஸும் வரும், ஆனா அதுல நைட்ரஜன் ஜாஸ்தி, தனியா போட்டா அமோனியா ஏறி கேஸ் கொறையும். ஒரு பங்கு மீனுக்கு நாலு பங்கு சோறு, காய்னு கலந்துக்கோங்க, கருவாட்டுக் கழிவ போடவே போடாதீங்க, உப்பு. ஏப்ரல் 15 லருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், மீன் வரத்து கொறையும், அது முடிஞ்சு திரும்ப வர்றப்ப ஒரேயடியா பழைய அளவுக்குப் போகாம மெல்ல ஏத்துங்க. பண்ருட்டி பக்கம் இருக்கறவங்களுக்கு பலா சீசன்ல சக்கையும் முந்திரி சீசன்ல கொட்டைய எடுத்துட்டு தூக்கிப் போடற முந்திரிப்பழமும் மலை மாதிரி கெடைக்கும். ரெண்டுலயும் சர்க்கரை அதிகம், வேகமா புளிக்கும், அதனால சாணியோட கலந்து கொஞ்சமா போடணும்.

புளிச்ச வாடை வந்தா, இல்ல தீ நிக்காம அணைஞ்சு அணைஞ்சு போனா, உள்ள அமிலம் ஏறிடுச்சு. புளிப்பு அளக்கற பிஎச் பேப்பர் வாங்கி வெச்சுக்கோங்க, 6.8 லருந்து 7.5 வரைக்கும் இருந்தா நல்லா இருக்கு, 6.5க்கு கீழ போனா உடனே தீனிய நிறுத்துங்க. ஒரு வாரம் கழிவு எதுவும் போடாம, தினம் ஒரு வாளி சாணிக்கரைசல் மட்டும் ஊத்துங்க, ரொம்ப மோசம்னா தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா. பெரும்பாலும் தேறிடும், காலி பண்ணிட்டு மறுபடி ஆரம்பிக்க அவசரப்படாதீங்க.

சாதா எல்பிஜி அடுப்புல இது எரியாது. சிலிண்டர் கேஸ் நல்ல அழுத்தத்துல வரும், இது டிரம்மோட எடையால வர்ற லேசான அழுத்தம்தான், அதனால ஓட்டை பெருசா இருக்கற பயோகேஸ் அடுப்பு தனியா கேட்டு வாங்குங்க. தீ சோம்பலா இருந்தா டிரம் மேல 15, 20 கிலோ செங்கல்ல சமமா பரப்பி வெச்சா சரியாவும். பைப்ல ஈரம் சேரும், தாழ்வா இருக்கற எடத்துல ஒரு டி-ஜாயின்ட் போட்டு வாரத்துக்கொரு தடவை தண்ணிய வடிச்சிடுங்க. முட்டை வாடை தாங்கலன்னா பைப் நடுவுல இரும்புத் தூளோ துருப்பிடிச்ச இரும்பு நாரோ அடைச்ச குழாய் வெச்சா அது கந்தகத்த பிடிச்சுக்கும். மாசத்துக்கு ஒரு தடவை எல்லா ஜாயின்ட்லயும் சோப்பு நொரை தடவிப் பாருங்க. இந்த கேஸ சிலிண்டர்ல அமுக்கி அடைக்கலாம்னு வீடியோ பாத்து யாரும் கைவெக்காதீங்க. மீத்தேன் எல்பிஜி மாதிரி மிதமான அழுத்தத்துல திரவமா ஆகாது, அது உயிர் போற வேலை. பெரிய குழி பிளான்ட் வெச்சிருக்கறவங்க கழுவறதுக்குன்னு உள்ள ஆள எறக்கவே எறக்காதீங்க, ஒரு நிமிஷத்துல மயக்கம் போட்டு விழுவாங்க, தூக்கப் போனவங்களும் சேந்து போவாங்க.

வெளிய வர்ற கரைசல பத்தி யாரும் பெருசா பேசறதில்ல, எனக்கு கேஸவிட அதுதான் ஒசத்தி. கேஸா போனது கார்பன்தான், தழை, மணி, சாம்பல் சத்து (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) எல்லாம் உள்ளயே இருக்கு. வாழை, தென்னை வட்டத்துல அப்படியே ஊத்தலாம், கத்திரி, வெண்டைக்கு மூணு பங்கு தண்ணி கலந்து ஊத்துங்க. வெயில்ல காய வெச்சீங்கன்னா தழைச்சத்து அமோனியாவா பறந்துரும், ஈரமாவே மண்ணுக்குக் குடுத்துடுங்க. பச்சையா சாப்பிடற கொத்தமல்லி, புதினாவுக்கு மட்டும் வேணாம், நம்ம ஊர் சூட்டுல எல்லா நோய்க்கிருமியும் சாகறதில்ல.

ஹோட்டல் வெச்சிருக்கறவங்களுக்கு இது இன்னும் நல்லா ஒத்துவரும், ஏன்னா தினமும் ஒரே அளவு கழிவு. 25 கிலோ போட்டா இரண்டரை கன மீட்டர், ஒரு 19 கிலோ சிலிண்டர் 17 நாளைக்கு ஒண்ணு மிச்சம். கல்யாண மண்டபத்துக்கு ஒத்துவராது, முகூர்த்த மாசத்துல நெறையும், ஆடியில பட்டினி.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழில உள்ள சூடு கொறையும், கேஸும் கொறையும், 30 லருந்து 35 டிகிரிதான் அதுக்குப் பிடிச்ச சூடு. அப்ப தீனிய பாதியா கொறைச்சு, சுத்தி சாக்கோ வைக்கோலோ கட்டுங்க. 2011 டிசம்பர்ல தானே புயல், 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல்னு நம்ம கரையிலதான் ஏறுது, அதனால டேங்க வெக்கறப்பவே தண்ணி தேங்காத மேட்டுல மேடை கட்டி வைங்க. புயல் எச்சரிக்கை வந்தா இருக்கற கேஸ எல்லாத்தையும் அடுப்புல எரிச்சுத் தீத்து, டிரம் கீழ எறங்கினதும் வால்வ மூடி, செங்கல எல்லாம் எடுத்துட்டு, நாலு பக்கமும் நைலான் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்க. முடிஞ்சப்புறம் மழைத்தண்ணி நெறைய உள்ள போயிருந்தா ரெண்டு நாள் சாணி மட்டும் ஊத்தி, ஜாயின்ட் எல்லாத்துலயும் சோப்பு நொரை பாத்துட்டு அதுக்கப்புறமா அடுப்ப பத்த வைங்க.