கிரில் தவாவுக்கு ஏற்ற அடுப்பு: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வீட்டுக்குள் கிரில் செய்ய அடுப்பு வாங்கப் போகிறீர்கள் என்றால், கடைக்குக் கிளம்பும் முன் தவாவின் அடியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வரி வரியாக மேடு உள்ள வார்ப்பிரும்பு கிரில் தவா பெரும்பாலும் 24 முதல் 28 செ.மீ. வரை இருக்கும், எடை 3 கிலோவை ஒட்டி வரும். இந்த அளவு கையில் இல்லாமல் பர்னர் எண்ணிக்கையையும் கண்ணாடியின் பளபளப்பையும் பார்த்து அடுப்பு எடுத்தால், தவாவின் நடுவில் வைத்த கோழி கருகும், ஓரத்தில் வைத்தது வேகாது.

இதற்குக் காரணம் வார்ப்பிரும்பின் குணம். சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும். ஆனால் பக்கவாட்டில் பரப்புவதில் அலுமினியத்தைவிட மிகவும் மந்தம். தீ எங்கே படுகிறதோ அங்கேதான் காயும். ஆகவே சுடர் வளையம் அகலமாக உள்ள பர்னர் வேண்டும். 26 செ.மீ. தவாவுக்குச் சின்ன பர்னர் உதவாது. விவரக்குறிப்பில் ஒவ்வொரு பர்னரும் மணிக்கு எத்தனை கிராம் எரிவாயு எடுக்கும் என்று பாருங்கள். அந்த எண்ணை 12.7 ஆல் பெருக்கினால் வாட் கிடைக்கும்: 150 கிராம் என்றால் சுமார் 1,900 வாட். கிரில்லுக்கு ஒரு பர்னராவது இந்த அளவில் இருக்க வேண்டும். சின்னதாக நான்கு பர்னர் உள்ள அடுப்பைவிட, பெரியது ஒன்றோடு மூன்று பர்னர் உள்ளதே நல்லது என்பது எங்கள் கருத்து. சிலிண்டர் எரிவாயு அடுப்புக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 4246 உடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சூடு சீராகப் பரவுகிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். தட்டையான காய்ந்த தவாவில் இரண்டு கரண்டி மைதாவை மெல்லியதாகத் தூவி, நடுத்தரத் தீயில் வையுங்கள். மாவு எங்கே முதலில் சிவக்கிறது என்பதே சூட்டின் வரைபடம். நடுவில் உள்ளங்கை அளவு மட்டும் கருத்து ஓரம் வெள்ளையாகவே நின்றால், அந்த பர்னர் அந்தத் தவாவுக்குப் போதாது.

பன்னீருக்கோ வஞ்சிரத்துக்கோ மேடுகளின் தடம் விழ, தவா 200 முதல் 230 டிகிரி செல்சியஸ் வரை காய வேண்டும். 3 கிலோ இரும்பு அந்தச் சூட்டை எட்ட நடுத்தரத் தீயில் 7, 8 நிமிடம் ஆகும். அவசரப்பட்டால் இறைச்சியின் நீர் கசிந்து தவாவில் தேங்கும். நீர் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. கறி வெந்து வெளுக்குமே தவிரச் சிவக்காது. ஒரே நேரத்தில் தவாவை நிரப்பினாலும் இதே கதிதான், பாதி இடம் காலியாக இருக்கட்டும். நான்ஸ்டிக் தவாவை மட்டும் இப்படிக் காலியாகக் காய வைக்கக் கூடாது. 260 டிகிரியைத் தாண்டினால் அதன் பூச்சு சிதையத் தொடங்கும், இன்னும் சூடேறினால் நச்சுப் புகை விடும்.

தொடைக்கறி போன்ற தடித்த துண்டுகளுக்குத் தடம் விழுந்த பிறகு தீயைத் தணித்து, உள்ளே 74 டிகிரி வரும்வரை வேக விட வேண்டும். எனவே அடுப்பின் திருகைச் சிம்முக்குக் கொண்டுபோய், கனமான பாத்திரம் மேலே இருக்கும்போதும் சுடர் அணையாமல் நிற்கிறதா என்று கடையிலேயே எரித்துக் காட்டச் சொல்லுங்கள். சுடர் அணைந்தால் எரிவாயுவைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு உள்ள அடுப்புக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். தயிர் மசாலா வழிந்து பர்னர் துளை அடைபடுவது கிரில்லில் சாதாரணம். கழற்றிக் கழுவும்படியான பித்தளை பர்னரும் அடித்தட்டும் இருந்தால் வேலை மிச்சம்.

கண்ணாடி மேல்தள அடுப்பில் ஓர் ஆபத்து உண்டு. இரண்டு பர்னரையும் மூடும் நீளமான கிரில் தட்டை வைத்தால், தீயின் சூடு மேலே போக வழியின்றிக் கீழே திரும்பிக் கண்ணாடியைத் தாக்கும். கடுமையாகச் சூடேறிய கண்ணாடி வெடித்துச் சிதறலாம். நீளத் தட்டுதான் வேண்டும் என்றால் எவர்சில்வர் மேல்தளம் எடுங்கள். பாத்திரத் தாங்கி கனமாக, ஆடாமல் இருக்கட்டும்.

இண்டக்‌ஷன் என்றால் கணக்கே வேறு. மேடைமேல் எடுத்து வைக்கும் சிறிய அடுப்புகளில் காந்தச் சுருள் தவாவைவிடச் சிறியதாக இருக்கும், ஓரம் காயவே காயாது. குறைந்த வாட்டில் பலவும் விட்டு விட்டு எரியும். வெறும் தவாவைக் காய வைத்தால் கண்ணாடிக்கு அடியில் உள்ள உணரி, சூடு மிஞ்சியது என்று நிறுத்திவிடும். கிரில் செய்பவர்களுக்கு இதுதான் பெரிய தொல்லை. மேடையில் பதிக்கும் வகையில் இரண்டு சுருளையும் இணைத்து ஒரே நீளமான சூடாகும் பகுதியாக்கும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். எந்த வகையானாலும் வார்ப்பிரும்பை முழு சக்தியில் தொடங்காதீர்கள். நடு மட்டும் திடீரென்று விரிந்து தவா வளையும் அல்லது விரிசல் விடும். 500 வாட்டில் 3, 4 நிமிடம் விட்டுப் பிறகு ஏற்றுங்கள். 2,000 வாட் அடுப்புக்கு 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் அவசியம்.

அடுப்புக்குச் செலவழிக்கும் அக்கறையில் பாதியாவது புகை வெளியேறும் வழிக்கு வேண்டும். சிம்னி எரிவாயு அடுப்புக்கு மேல் 65 முதல் 75 செ.மீ. உயரத்தில், அடுப்பின் அகலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 6 அங்குலக் குழாயை நடுவில் 4 அங்குலமாகச் சுருக்கினாலோ நான்கைந்து இடத்தில் வளைத்தாலோ, பெட்டியில் போட்ட உறிஞ்சுதிறன் கிடைக்காது. எல்லா ஜன்னலையும் சாத்திக்கொண்டு சிம்னியை ஓட்டினாலும் இழுக்காது. உள்ளே காற்று வர ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். குழாய் இல்லாத, கரி வடிகட்டி மட்டும் உள்ள சிம்னி கிரில்லுக்குப் போதாது.

எண்ணெயைத் தவாவில் ஊற்றாமல் துண்டுகள் மீது தடவினால் புகை குறையும். செக்கு நல்லெண்ணெய் சீக்கிரமே புகையும்; ரீஃபைண்ட் கடலை எண்ணெய் அதிகச் சூட்டைத் தாங்கும். மணத்துக்காகக் கரி அடுப்பை மட்டும் உள்ளே கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சிம்னியை நம்பி அதோடு விளையாட முடியாது.

சிலிண்டரிலிருந்து குழாய் எரிவாயுவுக்கு மாறும் எண்ணம் இருந்தால், பர்னரின் ஜெட் (எரிவாயு வெளிவரும் சிறு துளையுள்ள பாகம்) மாற்றித் தரப்படுமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சிலிண்டருக்கான ஜெட்டின் துளை சிறியது. அதை மாற்றாமல் குழாய் எரிவாயுவில் எரித்தால் சுடர் ஒடுங்கிவிடும், பெரிய பர்னர் வாங்கியும் தவா காயாது.