களியக்காவிளையிலிருந்து ஜாஸ் ரேடியோ கேட்பது எப்படி: நேரக் கணக்கு முதல் கச்சேரி வரை

ஜாஸ் கேட்க ஆசையாக இருக்கிறது, எங்கே ஆரம்பிப்பது என்று யாராவது கேட்டால் நான் ஆல்பம் பட்டியல் கொடுப்பதில்லை. ரேடியோ கேளுங்கள் என்றுதான் சொல்வேன். நம்ம தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நாகர்கோவில் எஃப்எம் 101-லிருந்து அனந்தபுரி எஃப்எம் 101.9-க்கு மாற்றி மாற்றிக் கேட்டுத்தானே நாமெல்லாம் மலையாளப் பாட்டுகளைத் தெரிந்துகொண்டோம். யாரும் பாடம் நடத்தவில்லை. காதில் விழுந்து விழுந்து தானாக வந்தது. ஜாஸும் அப்படித்தான் வரும், ஆனால் வாரம் தவறாமல் காதில் விழ வேண்டும். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இசை படித்திருக்க வேண்டியதில்லை, போனும் ஒரு நோட்டும் இருந்தால் போதும்.

முதல் வேலை: ஒரே ஒரு நிலையம்

நெட்டில் ஜாஸ் ரேடியோ என்று தேடினால் நூறு வரும். பாதிக்கு மேல் கம்ப்யூட்டர் வரிசையாகப் போட்டுக்கொண்டே இருப்பவை, யார் வாசித்தார் என்று சொல்ல ஆளே இருக்காது. அதெல்லாம் வேண்டாம். நான் சொல்வது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் டபிள்யூ டபிள்யூ ஓ இசட், 90.7 எஃப்எம். ஜாஸ் பிறந்த ஊரில் 1980-லிருந்து ஓடுகிற சமுதாய வானொலி அது. நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், செலவுக்கு நேயர்கள் கொடுக்கிற பணம் பெரிய துணை. ஆரம்ப நாட்களில் டிப்பிடினாஸ் என்கிற இசை கிளப்பின் மாடியில் ஒரு சின்ன அறையில்தான் நடத்தினார்கள். கீழே கச்சேரி நடக்கும்போது தரையில் இருந்த ஓட்டை வழியாக மைக்கைக் கயிறு போல இறக்கி நேரடியாக ஒலிபரப்புவார்களாம். 2005-ல் கத்ரீனா புயல் நகரத்தை மூழ்கடித்தபோது, நியூஜெர்சியில் உள்ள இன்னொரு வானொலியின் உதவியோடு இணையத்தில் தொடர்ந்து ஓட்டினார்கள். இப்படி ஒரு நிலையத்தைக் கேட்கும்போது வெறும் பாட்டு மட்டும் வராது, அந்த ஊரே வரும்.

நிலையத்தின் ஆப்பிலோ இணையதளத்திலோ நேரடியாகக் கேட்கலாம், காசு கிடையாது. டேட்டா தீர்ந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். 128 கேபிபிஎஸ் ஒலிபரப்பு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 58 எம்பிதான் எடுக்கும், தினம் ஒன்றரை ஜிபி பேக் போடுகிறவருக்கு இது ஒன்றுமே இல்லை.

இரண்டாவது: நேரக் கணக்கு

இதில்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நிலையத்தின் வாராந்திர அட்டவணை அவர்கள் ஊர் நேரத்தில் இருக்கும். அதை நம் நேரத்துக்கு மாற்ற நான் வைத்திருக்கிற வழி இது: காலையை இரவாக மாற்று, ஒன்றரை மணி நேரம் கழி. அங்கே காலை 9 என்றால் இங்கே இரவு 9, அதில் ஒன்றரையைக் கழித்தால் மாலை 7.30, அதே நாள். அங்கே மாலை 7 என்றால் இங்கே காலை 7, ஒன்றரையைக் கழித்தால் 5.30, ஆனால் மறுநாள். அதாவது அவர்களுடைய ஞாயிறு மாலை நமக்குத் திங்கள் விடியற்காலை.

இந்தக் கணக்கு மார்ச் இரண்டாவது ஞாயிற்றிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரைக்கும்தான். அதற்குப் பிறகு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுவார்கள், அப்போது அரை மணி மட்டும் கழிக்க வேண்டும். இது தெரியாமல் ஒரு நவம்பரில் நான் வழக்கம்போல ஏழரைக்கு ஆப்பைத் திறந்தால் வேறு குரல், வேறு இசை. எனக்குப் பிடித்த நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்து இரண்டு வாரம் கேட்காமலே இருந்துவிட்டேன். இன்றைக்கும் அந்த இரண்டு வாரம் போனதில் எனக்கு வருத்தம்தான். சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரில் அந்த இரண்டு ஞாயிறையும் இப்போதே பேனாவால் வட்டம் போட்டு வையுங்கள்.

மூன்றாவது: உங்கள் வாரத்தை நீங்களே போடுங்கள்

அட்டவணை முழுவதையும் கேட்க முயற்சி செய்யாதீர்கள். வாரத்துக்கு மூன்று இடம் போதும். இந்த நிலையத்தின் வார நாட்களில் காலைப் பொழுது பழைய பாணி ஜாஸுக்கு: கிளாரினெட், டிராம்போன், டிரம்பெட் மூன்றும் ஒன்றோடொன்று பின்னி ஒரே நேரத்தில் பேசுகிற பாணி. அது நமக்கு மாலை வேளை, வேலை முடிந்து வந்து கட்டன் சாயா குடிக்கிற நேரம். அங்கே மாலைக்கு மேல் புதிய காலத்து ஜாஸ், அது நமக்கு விடியற்காலை. மூன்றாவது இடம் உங்கள் இஷ்டம். ப்ளூஸ், காஸ்பெல், லத்தீன் இசை என்று அட்டவணையில் நிறைய இருக்கிறது. நேரத்துக்குக் கேட்க முடியாவிட்டால், நிகழ்ச்சியை இரண்டு வாரம் வரை அவர்கள் தளத்திலேயே வைத்திருப்பார்கள். ஆனாலும் நேரத்துக்கே கேளுங்கள். அங்கே இப்போது மழை பெய்கிறது என்று நடத்துகிறவர் சொல்லும்போது, நம்ம முற்றத்திலும் மழை கொட்டிக்கொண்டிருந்தால் அது தனி சுகம்.

என் அண்ணன் ரப்பர் பால் வெட்டுகிறவர். தலையில் டார்ச் கட்டிக்கொண்டு நாலரை மணிக்குத் தோட்டத்தில் இறங்கும்போது நியூ ஆர்லியன்ஸில் முந்தின நாள் மாலை ஆறு. சட்டைப் பையில் போன், ஒரு காதில் மட்டும் இயர்போன். இன்னொரு காது திறந்திருக்க வேண்டும், பாம்பு பன்றி நடமாட்டம் உண்டு. காய்ந்த ஒட்டுப்பாலை உரித்து எடுத்துவிட்டு, பட்டையில் கத்தியைச் சரித்து இழுப்பார், வெள்ளைக் கோடு இறங்கி சிரட்டையில் சொட்டும், அடுத்த மரத்துக்கு நடப்பார். அந்த நடைக்கும் வாக்கிங் பேஸ் என்று ஜாஸில் சொல்கிற அந்தக் கனத்த தந்தி வாத்தியத்தின் டும் டும் நடைக்கும் பொருத்தம் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் கால் வழியாகவே தெரிந்துகொண்டுவிட்டார்.

நான்காவது: காது எங்கே இருக்க வேண்டும்

முதல் வாரம் எல்லாம் ஒரே சத்தமாகத் தெரியும். பரவாயில்லை. ஒரு பாட்டின் அமைப்பு தெரிந்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். முதலில் மெட்டை எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். நிறைய பாட்டுகளில் அது 32 பார் (பார் என்றால் நம் தாளத்தின் ஒரு ஆவர்த்தனம் மாதிரி): எட்டு, மறுபடி அதே எட்டு, வேறு ஒரு எட்டு, திரும்பப் பழைய எட்டு. ப்ளூஸ் என்றால் 12 பாரில் ஒரு சுற்று முடியும். அப்புறம் ஒவ்வொருவராக அந்தச் சுற்றின் மேலேயே கற்பனையாக வாசிப்பார்கள், கடைசியில் எல்லோரும் மெட்டுக்குத் திரும்புவார்கள். பல்லவி வரியை எடுத்து கற்பனாஸ்வரம் பாடி மறுபடி அந்த வரியிலேயே வந்து விழுவார்களே, அந்த மாதிரி. ஒரு வித்தியாசம் உண்டு. நம் பாடகர் ஒரே ராகத்துக்குள் நிற்பார். ஜாஸில் அடியில் ஓடுகிற கார்டுகள், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டங்கள், மாறிக்கொண்டே போகும், வாசிப்பவர் அவற்றைத் துரத்திக்கொண்டு போக வேண்டும்.

இன்றைக்கே செய்து பார்க்க ஒரு பயிற்சி. டேவ் புரூபெக் குழு 1959-ல் பதிவு செய்த, பால் டெஸ்மண்ட் இயற்றிய 'டேக் ஃபைவ்' பாட்டைப் போட்டு, தொடையில் தாளம் போடுங்கள். ஐந்து ஐந்தாகப் போகும். நம் கண்ட சாப்பு தாளம் இரண்டும் மூன்றுமாக விழும் என்றால் இது மூன்றும் இரண்டுமாக விழுகிறது. நடுவில் டிரம்ஸ் தனியாக வரும்போதும் பியானோ அந்த ஐந்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு எண்ணினால் தொலைய மாட்டீர்கள். எண்ண வந்துவிட்டதா, சரி, அடுத்து ரேடியோவில் கவனியுங்கள்: சில பாட்டுகளின் முடிவுக்கு முன்னால் சாக்ஸபோன் நாலு பார், டிரம்ஸ் நாலு பார் என்று மாறி மாறி வாசிப்பார்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாற்றி மாற்றி வாசித்து அளவைக் குறைத்துக்கொண்டே வருவதை கோவில் கச்சேரியில் கேட்டவர்களுக்கு அந்த இடம் உடனே பிடிபட்டுவிடும்.

ஐந்தாவது: நோட்டு

மூன்று நாலு பாட்டுக்கு ஒருமுறை நடத்துகிறவர் என்ன போட்டார் என்று சொல்வார். குழுத் தலைவர் பெயர், எந்த வாத்தியம், எந்த வருடம், இவ்வளவு மட்டும் எழுதுங்கள். அமெரிக்க உச்சரிப்பில் பெயர் புரியாவிட்டால் காதில் விழுந்தபடி தமிழில் எழுதி வைத்து, அப்புறம் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். பிடித்தது எதுவோ அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அதே ஒரு டிரம்மர் பெயர் ஐந்து இடத்தில் கோடோடு நிற்கும்.

ஆறாவது: கச்சேரிப் பட்டியல்

இந்த நிலையத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது பாட்டு கூட இல்லை. லைவ்வயர் என்று ஒன்று வாசிப்பார்கள், ஒற்றைப்படை மணி தோறும்: இன்றைக்கு எந்த கிளப்பில் யார், எத்தனை மணிக்கு என்று வரிசையாக. கேட்கிறவர் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது, எழுந்து போக வேண்டும் என்பதற்காகத்தான் அது. நமக்கு அந்தக் கச்சேரிகளுக்குப் போக வழியில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒருநாள் விடியற்காலை அதைக் கேட்டுவிட்டு அண்ணன், "இப்பிடி நம்ம ஊருக்கு யாராவது வாசிச்சாத்தான் என்ன?" என்று கேட்டார். அன்றைக்கே நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். வெள்ளிக்கிழமை மாலை ஒருவர் அந்த வாரப் பட்டியலைக் குரல் பதிவாகப் போட வேண்டும். நாள், இடம், நேரம், டிக்கெட், திரும்ப பஸ், இந்த ஐந்தும் கட்டாயம்.

எங்கே தேடுவது? ஜாஸ் என்ற பெயரோடு நம்ம பக்கம் வருவது குறைவு. அதனால் நாட்களைப் பிடியுங்கள். ஏப்ரல் 30 யுனெஸ்கோ அறிவித்த உலக ஜாஸ் நாள், 2012-லிருந்து கொண்டாடுகிறார்கள். ஜூன் 21 உலக இசை நாள், 1982-ல் பிரான்சில் தொடங்கியது. இந்த இரண்டு நாட்களை ஒட்டி திருவனந்தபுரத்தில் ஏதாவது நடக்கிறதா என்று பாருங்கள். அலியான்ஸ் பிரான்சேஸ், கனகக்குன்னில் இருக்கிற நிசாகந்தி திறந்தவெளி அரங்கம், கோவளம் பக்கம் வெள்ளாரில் இருக்கிற கைவினை கிராமம், இவற்றின் அறிவிப்புகளை வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும். களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் பஸ் நிலையம் இருக்கிற தம்பானூர் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், பஸ் ஏறினால் போய்விடலாம்.

போவதற்கு முன்னால் போன் போட்டுக் கேளுங்கள். ஒருமுறை போஸ்டரை நம்பி வேலை முடிந்த கையோடு பஸ் ஏறிப் போனால் அரங்கம் பூட்டிக் கிடந்தது. முந்தின நாளே ரத்து செய்துவிட்டு, ஒட்டிய போஸ்டரைக் கூடக் கிழிக்கவில்லை. அன்றைக்கு எங்களோடு முதல்முறையாக வந்த ஒருவர் அப்புறம் வரவே இல்லை. அது இன்னும் உறுத்துகிறது.

அங்கே போனதும் டிரம்ஸ் தெரிகிற பக்கம் உட்காருங்கள், கை எங்கே போகிறது என்று பார்த்தாலே ரேடியோவில் கேட்ட பாதி விஷயம் விளங்கும். ஒருவர் தனியாக வாசித்து முடித்ததும் கை தட்டலாம், பாட்டு முடியக் காத்திருக்க வேண்டியதில்லை.

பட்டியலில் நம்ம ஊர் இசையையும் சேருங்கள், இது நான் வற்புறுத்திச் சொல்வது. மார்கழித் திருவிழாவுக்கு சுசீந்திரம் போய் நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தை விரிப்பதைப் பக்கத்தில் நின்று கேளுங்கள், சாக்ஸபோன் என்ன செய்கிறது என்று புரியும். அந்த இரண்டு வாத்தியத்துக்கும் நடுவில் ஏற்கனவே பாலம் போட்டவர் கத்ரி கோபால்நாத்: சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்தார், அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு சேர்ந்து 2008-ல் ஒரு ஆல்பமும் வெளியிட்டார். அப்புறம் நம்ம தேவாலயத் திருவிழாவுக்கும் துக்க வீட்டுக்கும் வருகிற பேண்ட் செட். நியூ ஆர்லியன்ஸிலும் அதே கதைதான். அங்கே கல்லறைக்குப் போகும்போது பேண்ட் மெதுவாகப் பாமாலை வாசித்துக்கொண்டு போகும், உடலை வழியனுப்பிய பிறகு திரும்பும் வழியில் ஆட்டம் போட வைக்கிற மாதிரி வாசிக்கும். இதைத் தெரிந்துகொண்டு மறுநாள் மாலை பழைய பாணி நிகழ்ச்சியைக் கேளுங்கள், அந்த டிரம்பெட் அந்நியமாகவே இருக்காது.

இரண்டாவது மாதம்

ஒரு நிலையம் பழகிய பிறகு இன்னொன்று சேர்க்கலாம். நியூஜெர்சியின் டபிள்யூபிஜிஓ, 88.3 எஃப்எம், 1979-லிருந்து ஓடுகிறது, நியூயார்க் பக்கத்து கச்சேரிகளின் வாசனை அதில் வரும். அதற்குக் காலையை இரவாக மாற்றி இரண்டரை மணி நேரம் கழியுங்கள், நவம்பருக்கு மேல் ஒன்றரை. கலிபோர்னியாவின் கேசிஎஸ்எம் 91.1 என்றால் கழிக்க வேண்டாம், அரை மணி கூட்டுங்கள், நவம்பருக்கு மேல் ஒன்றரை மணி கூட்டுங்கள். காலண்டரில் போட்ட அந்த இரண்டு வட்டமும் இவற்றுக்கும் பொருந்தும்.