குற்றவியல் சட்டமூலத்தை ஊரில் வைத்து விவாதிப்பது எப்படி

குற்றவியல் நீதியைத் திருத்தச் சட்டமூலம் வந்துவிட்டால் ஊரில் கூட்டம் போடுவோம். இரண்டு மணித்தியாலம் பேசி, "இதை முற்றாக எதிர்க்கிறோம்" என்று தீர்மானம் எடுத்துக் கலைவோம். அந்தத் தீர்மானத்தால் சட்டமூலத்தில் ஒரு சொல்லும் மாறாது. பாராளுமன்றக் குழுநிலையில் திருத்தப்படுவது வாசகங்கள், அதாவது சட்டமூலத்தின் இலக்கமிட்ட பிரிவுகள். ஆகவே விவாதமும் வாசகம் வாசகமாகத்தான் நடக்க வேண்டும்.

முதலில் பிரதி. அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில், வர்த்தமானி இரண்டாம் பகுதியின் குறைநிரப்பியாகச் சட்டமூலம் வெளிவரும். தமிழ்ப் பிரதியோடு நிற்காமல் சிங்களப் பிரதியையும் எடுங்கள். நமது சட்டங்களின் கடைசிப் பிரிவைப் பாருங்கள்: இரண்டு உரைகளுக்கும் இடையில் ஒவ்வாமை வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்றிருக்கும். அம்பாறை மாவட்டத்தில் சிங்களம் வாசிக்கத் தெரிந்தவரைத் தேடி அலையத் தேவையில்லை. மட்டக்களப்பில் ஒருவரை முன்கூட்டியே பேசி வையுங்கள். "செய்யலாம்", "செய்தல் வேண்டும்" ஆகிய இரண்டையும் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, சிங்களத்திலும் அப்படித்தானா என்று ஒப்பிடச் சொல்லுங்கள். நீதவான் தடுப்பு நிலையத்தைப் பார்வையிட "லாம்" என்றால் அது அவர் விருப்பம், "வேண்டும்" என்றால் கடமை. தடுப்பில் இருப்பவருக்கு இது சின்ன வித்தியாசம் அல்ல.

திருத்தச் சட்டமூலமாக இருந்தால் அதைத் தனியாக வாசித்து விளங்காது. "இன்ன பிரிவில் இன்ன சொற்களுக்குப் பதிலாக" என்று துண்டுதுண்டாக இருக்கும். முகப்பிலுள்ள சட்ட விளைவு பற்றிய கூற்று வழிகாட்டும், ஆனால் போதாது. மூலச் சட்டத்தை எடுத்து, மாற்றங்களைக் கையால் எழுதி ஒட்டி, முழுப் பிரிவாக வாசியுங்கள். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டபோது, தடுப்புக் கட்டளையின் உச்சக் காலம் 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைந்தது. பிரிவை முழுதாக வாசித்தவருக்கு மற்றதும் தெரிந்திருக்கும்: ஒரு தடவைக்கு மூன்று மாதம் வரை தடுத்து வைக்கக் கட்டளையிடும் அதிகாரம் அமைச்சரின் கையிலேயே இருந்தது.

கூட்டத்துக்குப் 12 பேர், கூடினால் 15 பேர் போதும். ஒரு அமர்வில் எட்டு வாசகத்துக்கு மேல் எடுக்காதீர்கள், பிறகு எல்லோரும் தலையாட்டத் தொடங்கிவிடுவார்கள். மூன்று பேருக்குப் பொறுப்புக் கொடுங்கள். ஒருவர் கைதானவராகவும், ஒருவர் பாதிக்கப்பட்டவராகவும், ஒருவர் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியாகவும் நின்று பேசட்டும். பாதிக்கப்பட்டவரின் கதிரையை வெறுமையாக விடுவதுதான் நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் பிழை. வீட்டு வன்முறையில் அடிபட்ட பெண்ணுக்கும் பிணை வாசகத்தில் சொல்ல ஒன்று இருக்கும். சாட்சிகளின் பாதுகாப்புக்கு 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. புதிய சட்டமூலம் அதோடு மோதுகிறதா என்று அவர் கேட்கட்டும்.

ஒவ்வொரு வாசகத்தையும் ஒரு ஆளின் மேல் வைத்துப் பாருங்கள். வாகரையில் வெள்ளி மாலை ஆறு மணிக்கு ஒரு மீனவர் பிடிபடுகிறார் என்று வைப்போம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 37ஆம் பிரிவின்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் அவர் நீதவான் முன் நிற்க வேண்டும். புதிய சட்டமூலத்தின்படி அவர் எப்போது நிற்பார்? வீட்டுக்கு யார் அறிவிப்பது, எந்த மொழியில்? அவர் கையெழுத்து வைக்கும் வாக்குமூலம் எந்த மொழியில் இருக்கும்? சாதாரணச் சட்டத்தில் பொலிஸ் உத்தியோகத்தருக்குக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்டவரிடம் கொடுத்ததை ஏற்கிறது. அது வற்புறுத்தி வாங்கப்பட்டது என்று காட்டும் சுமையையும் கைதானவரின் தலையில் போடுகிறது. புதிய வரைவில் இது வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

கடைசிப் பக்கங்களை விட்டுவிடாதீர்கள். சொற்களுக்குப் பொருள் சொல்லும் பொருள்கோடல் வாசகத்தில் ஒரு சொல்லை விரித்தால் முழுச் சட்டமும் விரியும். ஒழுங்குவிதி ஆக்கும் அதிகாரம் எவ்வளவு அமைச்சருக்குப் போகிறது, பழைய சட்டத்தில் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு என்ன நடக்கும் என்பதெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

எழுத்தில் கொடுக்கும்போது நான்கு நிரல் போடுங்கள்: வாசக இலக்கம், இப்போதைய சட்டம், வரும் பாதிப்பு, நாம் கேட்கும் சொற்கள். நான்காவது நிரல் வெறுமையாக இருக்கும் வரியை அனுப்பாதீர்கள். இரண்டு பக்கம், தமிழிலும் சிங்களத்திலும். மட்டக்களப்பு மாவட்டத்துக்கு ஐந்து பேரும் திகாமடுல்லைக்கு (அம்பாறையின் தேர்தல் மாவட்டப் பெயர்) ஏழு பேரும் பாராளுமன்றத்தில் இருக்கிறார்கள். எந்தக் கட்சியென்று பாராமல் அனைவருக்கும், துறைசார் மேற்பார்வைக் குழுவுக்கும் அனுப்புங்கள்.

உயர் நீதிமன்றம் போக எண்ணினால் சட்டத்தரணியை முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள். அரசியலமைப்பின் 121ஆம் உறுப்புரையின்படி, சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் வந்த நாளிலிருந்தே மனுக் கொடுக்கும் தவணை ஓடத் தொடங்கும். எந்தப் பிரஜையும் மனுக் கொடுக்கலாம். ஆனால் சட்டம் நல்லதா கெட்டதா என்று நீதிமன்றம் பார்க்காது, அரசியலமைப்போடு முரண்படுகிறதா என்று மட்டுமே பார்க்கும். சித்திரவதையைத் தடுக்கும் 11ஆம் உறுப்புரையோடு முரண்பட்டால் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு மக்கள் தீர்ப்பும் தேவைப்படும். ஆகவே உங்கள் நிரலில் 11, 12 (சமத்துவம்), 13 (கைது, தடுப்பு) ஆகிய உறுப்புரைகளைத் தொடும் வாசகங்களைத் தனியாகப் பிரித்துச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். நிறைவேறிய சட்டமூலத்தில் சபாநாயகர் சான்றுரை எழுதி அது சட்டமாகிவிட்டால், பிறகு எந்த நீதிமன்றத்திலும் அந்தச் சட்டத்தின் வலிதுடைமையைக் கேள்வி கேட்க முடியாது.