ஜாக்கி இருக்கும், தூக்காது: லாரியில் கருவி வைப்பதில் நடக்கும் தவறுகள்

நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ லோடு ஏற்றி வடக்கே கிளம்பும் எந்த லாரியிலும் டூல்ஸ் பாக்ஸ் இருக்கும். உள்ளே கிடப்பது நடுவழியில் கைகொடுக்குமா என்று பார்ப்பவர்கள் குறைவு.

முதலில் ஜாக்கி. லோடு வண்டிக்கு 20 டன் ஹைட்ராலிக் ஜாக்கி வையுங்கள். விலை குறைவு என்று சின்னதாக வாங்கினால் காலி வண்டியைத் தூக்கும், லோடோடு திணறும். படுக்கப் போட்டு வைத்தால் ஆயில் கசிந்து, பஞ்சரான அன்றைக்குப் பாதியிலேயே இறங்கிவிடும். அவ்வப்போது ஏற்றிப் பாருங்கள். கூடவே தடிமனான பலகை ஒன்று கட்டாயம். மழையில் ஊறிய மண் ஓரத்தில் ஜாக்கியின் அடி கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்து வண்டி சாயும். வண்டி ஜாக்கியில் மட்டும் நிற்கும்போது அடியில் தலையை விடவே கூடாது. டயர் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, அப்புறம் தூக்குங்கள். மாற்றிய சக்கரத்தின் நட்டுகளை 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்கிப் பாருங்கள். ஸ்டெப்னியின் காற்றைக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது கல் விஷயத்தில்தான். சக்கரத்துக்கு அணை கொடுக்கக் கல், பின்னால் வருகிறவர்களுக்கு அடையாளமாகக் கல்லும் மரக்கிளையும். ரிப்பேர் முடிந்ததும் லாரி போய்விடும், கல் ரோட்டிலேயே கிடக்கும். இருட்டில் பைக்கில் வருகிறவர் அதில் ஏற்றினால் உயிரே போகும். இரண்டு மரக்கட்டையும் ஒரு முக்கோண ரிஃப்ளெக்டரும் பெரிய செலவில்லை. ரிஃப்ளெக்டரையும் வண்டியை ஒட்டி வைக்காதீர்கள். குறைந்தது 50 மீட்டர் தள்ளி, வளைவாக இருந்தால் வளைவுக்கு முன்பே வையுங்கள். தொப்பூர் கணவாய் மாதிரியான இறக்கத்தில் பின்னால் வரும் லோடு வண்டி நினைத்த இடத்தில் நிற்காது.

ஃபியூஸ் போனால் செம்புக் கம்பியைச் சுற்றிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வயர் சூடேறி கேபினே பற்றிக்கொள்ளும். அதே அளவு ஃபியூஸ் நாலைந்து வாங்கிப் போடுங்கள். தீயணைப்பான் படுக்கைக்கு அடியில் கிடந்து பயனில்லை. கதவைத் திறந்ததும் கை எட்ட வேண்டும், முள் பச்சையில் நிற்க வேண்டும்.

புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ் 6 வண்டி என்றால், புகையைச் சுத்தப்படுத்தத் தனி டேங்கில் ஊற்றும் ஆட்புளூ திரவம் ஒரு கேன் இருக்கட்டும். தீர்ந்தால் இழுவை குறைந்துவிடும். பதிலுக்குத் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கப் போனால் ரிப்பேர் செலவு பெரிதாக வரும்.

டார்ச்சுக்குச் செல்போன் போதும் என்பார்கள். கிளீனர் இல்லாமல் தனியாகப் போகிறவர் எந்தக் கையால் போனைப் பிடிப்பது? நட்டு கழற்ற இரண்டு கையும் வேண்டும். தலையில் மாட்டும் டார்ச் வாங்குங்கள்.