சின்ன போனில் தமிழ் தட்டச்சு: பிழை குறையவும் கை வலிக்காமலிருக்கவும்

ஐந்து அங்குலமோ அதற்கும் குறைவோ உள்ள போன் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய போன் வாங்கிவிடுங்கள் என்று சொல்ல ஆளுண்டு, ஆனால் சட்டைப்பையில் அடங்குகிற போன்தான் வேண்டும் என்பவருக்கும், இருக்கிற போனை மாற்ற இப்போது வசதியில்லை என்பவருக்கும் அந்த யோசனையால் ஒரு பயனும் இல்லை. கணக்குப் பாருங்கள்: பழைய 16:9 வடிவத்தில் ஐந்து அங்குலத் திரையின் அகலம் சுமார் 62 மில்லிமீட்டர். ஆங்கிலத் தட்டில் (விசைப்பலகையில்) மேல்வரிசைக்கு 10 விசைகள். ஒரு விசைக்குக் கிடைப்பது 6 மி.மீ. சொச்சம். கட்டைவிரல் அதைவிட நிச்சயம் அகலம். எனவே எழுத்து மாறி விழுந்தால் உங்கள் கையில் கோளாறு ஒன்றும் இல்லை, இடம் போதவில்லை, அவ்வளவுதான். கீழே சொல்வது எதற்கும் காசு செலவில்லை.

கீபோர்டு செயலியை நிறுவுவது, அதை இயக்குவது, பூகோள உருண்டையைத் தட்டி மொழி மாற்றுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராகப் போகிறேன்.

படி 1: முதலில் திரை, அப்புறம் விரல்

திரைமேல் ஒட்டியிருக்கும் டெம்பர்டு கிளாஸைப் பாருங்கள். ஓரங்களில் ஒட்டாமல் தூக்கிக்கொண்டிருந்தால் இடக்கோடியிலும் வலக்கோடியிலும் இருக்கும் விசைகள் சரியாகப் பிடிக்காது, எந்தச் செயலியை மாற்றினாலும் பிடிக்காது. கிளாஸை மாற்றுங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். சில சாம்சங் போன்களில் டிஸ்பிளே செட்டிங்ஸுக்குள் டச் சென்சிட்டிவிட்டி என்று ஒன்று இருக்கும், கிளாஸ் ஒட்டியவர்கள் அதை ஆன் செய்துகொள்ளலாம். சார்ஜ் போட்டிருக்கும்போது மட்டும் எழுத்துகள் தாமாகக் குதிக்கின்றன என்றால் சார்ஜரை மாற்றிப் பாருங்கள். மின்சாரத்தைச் சீராகத் தராத மலிவு சார்ஜர் தொடுதிரையைக் குழப்பும்.

விரல் விஷயத்துக்கு வருவோம். நாம் குறிபார்ப்பது கண்ணுக்குத் தெரியும் விரல்நுனியை வைத்து. திரை கணக்கில் எடுப்பதோ சதை பட்ட இடத்தின் நடுப்பகுதியை, அது நாம் நினைத்த இடத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும். செயலிகள் இதை ஓரளவு சரிக்கட்டிக்கொள்கின்றன. ஆனால் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு தட்டினால் விரலின் சாய்வு மாறிவிடும், விழும் இடமும் மாறிவிடும். ஜிபோர்டு (கூகுளின் கீபோர்டு செயலி) செட்டிங்ஸில் விருப்பத்தேர்வுகளுக்குள், தட்டிய எழுத்து மேலே பெரிதாகத் தெரிகிற வசதி இருக்கிறது. அதை ஆன் செய்து பத்து வரி தட்டுங்கள். உங்களுக்கு எப்போதும் கீழ்வரிசை எழுத்தே வருகிறதென்றால் விசையின் மேல்விளிம்பைக் குறிவையுங்கள். சீக்கிரமே பழகிவிடும்.

நகம் நீளமாக வைத்திருப்பவர்கள் விரலைச் சற்றுப் படுக்கவைத்துத் தட்ட வேண்டும். வெறும் நகத்தை இந்தத் திரைகள் உணராது.

படி 2: அகலம் கூட்ட முடியாது, உயரம் கூட்டலாம்

ஜிபோர்டில் விருப்பத்தேர்வுகள், அதற்குள் கீபோர்டு உயரம். ஒரு படி கூட்டுங்கள். முழுசாகக் கூட்டினால் நீங்கள் எழுதுவதே தெரியாமல் போகும், அதனால் ஒரு படி, மிஞ்சினால் இரண்டு. தனி எண் வரிசையை அணைத்துவிடுங்கள், சின்னத் திரையில் அது வெட்டியாக ஒரு வரிசை இடத்தைத் தின்கிறது. ஆங்கிலத் தட்டின் மேல்வரிசை எழுத்தை அழுத்திப் பிடித்தாலே எண் வரும். அப்படிப் பிடிக்காமலே எண் வந்து தொல்லை செய்தால் அழுத்திப்பிடிக்கும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். இயல்பாக அது 300 மில்லி வினாடியில் இருக்கும். நிதானமாகத் தட்டுகிறவர்களுக்கு 400 வசதி.

ஒற்றைக்கை வசதியைச் சின்ன போனில் தொடாதீர்கள். ஏற்கெனவே ஒடுங்கிய விசைகளை அது இன்னும் ஒடுக்கி ஒரு ஓரமாகத் தள்ளுகிறது. அது பெரிய போன்காரர்களுக்கானது.

படி 3: எந்தத் தட்டு?

இதில் எனக்குத் திடமான கருத்து உண்டு. இரண்டு கட்டைவிரலாலும் தட்டுகிறவர் என்றால் தமிழ் எழுத்துகளையே நேராகத் தட்டும் தமிழ்99. ஒரே விரலால் தட்டுகிறவர் என்றால் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறை.

மாற்றும் முறையில் சிக்கல் எங்கே என்றால், ல ள ழ, ர ற, ந ன ண எல்லாவற்றுக்கும் ஒரே ஆங்கில எழுத்தைத் தட்டிவிட்டு, மேலே பரிந்துரைப் பட்டையில் வருவதில் ஒன்றைப் பொறுக்க வேண்டும். 'வலை' வேண்டுமா 'வளை' வேண்டுமா, 'மனமா' 'மணமா', 'கரையா' 'கறையா' என்று ஒவ்வொரு சொல்லுக்கும் கண் மேலே போய்த் திரும்புகிறது. அவசரத்தில் முதலில் நிற்பதையே விட்டுவிடுகிறோம், வாட்ஸாப்பில் பாதி எழுத்துப்பிழை இப்படித்தான் பிறக்கிறது என்பது என் எண்ணம்.

தமிழ்99இல் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி இடம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 விசைகளில் 247 எழுத்தும் வந்துவிடும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசையமைப்பு இது. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம் என்பதால் இரண்டு கட்டைவிரலும் மாறிமாறி வேலை செய்யும். ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: கணினியில் இதன் மேல்வரிசை 12 விசை, போனில் நெருக்கியடித்துத்தான் நிற்கும். ஆனால் தட்டும் தடவைகள் குறைவதால் எனக்கு இது லாபமாகவே இருக்கிறது. 'வணக்கம்' ஆங்கில எழுத்தில் 8 தட்டு, தமிழ்99இல் 6. 'தந்தை' அங்கே 8, இங்கே 4.

ஐபோனில் 2013இல் வந்த ஐஓஎஸ் 7 முதலே தமிழ்99, ஆங்கில எழுத்தில் அடிக்கும் அஞ்சல் முறை இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு, கீபோர்ட்ஸ் என்று போய்ச் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டுக்கு என் தேர்வு செல்லினம். முத்து நெடுமாறன் உருவாக்கியது, 2005இலிருந்து இருக்கிறது, தொடுதிரை வருவதற்கு முந்தைய பொத்தான் போன்களிலேயே ஓடியது.

படி 4: புள்ளி

தமிழ்99ஐத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடிப்போகிறவர்கள் ஓடுவது இந்த இடத்தில்தான். நானும் இங்கேதான் வெகுநாள் நின்றேன், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். அ, ம, ம, ஆ என்று தட்டினால் 'அம்மா'. அதேபோல மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் புள்ளி தானாக விழும்: ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற. அதனால்தான் த, ந, த, ஐ என்ற நான்கே தட்டில் 'தந்தை' வந்துவிடுகிறது. மற்ற இடங்களில் புள்ளிக்கு ஆய்த விசை. 'வணக்கம்' கடைசியில் ம தட்டி ஆய்தத்தைத் தட்டினால் ம்.

சரி, இப்போது 'நதி' தட்டிப் பாருங்கள். ந, த, இ. வருவது 'ந்தி'. மெல்லினமும் அதன் வல்லினமும் அடுத்தடுத்து வந்துவிட்டதால் கீபோர்டு தன் விதிப்படி புள்ளி வைத்துவிட்டது. செயலி கெட்டுவிட்டது என்று அழித்து அழித்துத் தட்டினாலும் அதேதான் வரும். இதற்கு வழி: புள்ளி வேண்டாத இடத்தில் மெய்யை அடுத்து அ விசையைத் தட்டுங்கள். ந, அ, த, இ. 'நதி' வந்துவிடும். திரையில் அந்த அ தனியாகத் தெரியாது, 'இந்த ந முடிந்தது, புள்ளி வைக்காதே' என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. 'நத்தை' என்றால் ந, அ, த, த, ஐ. 'படிக்கக்கூடாது' என்பதில் நடுவே ககரம் வரிசைகட்டி நிற்கும், அங்கே க, க, அ, க, க, ஊ. 'அப்பப்போ' அ, ப, ப, அ, ப, ப, ஓ.

இந்த ஒரு அ-வைப் பிடித்துக்கொண்டால் தமிழ்99இல் கற்க வேண்டியதில் பெரும்பகுதி முடிந்தது. மிச்சம் எந்த எழுத்து எங்கே என்பதுதான், அது விரலுக்குத் தானாக வரும். பயிற்சிக்குத் தனிப் பாடமெல்லாம் வேண்டாம், வீட்டுச் சாமான் பட்டியலைத் தினமும் இதில் எழுதுங்கள். துவரம்பருப்பு, புளி, மஞ்சள்தூள், வெந்தயம்: ல, ழ தவிர எல்லாச் சிக்கலும் அதிலேயே வந்துவிடும், வாழைப்பழமும் வெல்லமும் சேர்த்தால் அதுவும் வந்துவிடும்.

படி 5: திருத்துவது

சொல்லின் நடுவே பிழை விழுந்தால் உடனே நிறுத்தாதீர்கள். வாக்கியத்தை முடித்துவிட்டுத் திரும்புங்கள். கர்சரை விரலால் எழுத்துகளுக்கு நடுவே வைக்க முயல்வது சின்னத் திரையில் நடக்காத காரியம். ஜிபோர்டில் ஸ்பேஸ் பார்மீது விரலை இடவலமாக இழுத்தால் கர்சர் நகரும். ஐபோனில் ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்துவிட்டு இழுக்க வேண்டும். ஜிபோர்டில் அழிக்கும் விசையிலிருந்து இடப்பக்கம் இழுத்தால் சொல் சொல்லாக அழியும்.

இன்னொன்று. 'கொ' நம் கண்ணுக்கு ஓரெழுத்து, ஒருங்குறியில் (யூனிகோடில்) அது க-வும் ஒரு துணைக்குறியும். அழிக்கும் விசையை ஒருமுறை தட்டினால் குறி மட்டும் போய் க நிற்கும். 'தீ'யை 'தி' ஆக்க முழுச் சொல்லையும் அழிக்க வேண்டியதில்லை.

அடிக்கடி எழுதும் முகவரி, வங்கிக் கிளை, மின்னஞ்சல் இவற்றைத் தனிப்பட்ட அகராதியில் குறுக்குச் சொல்லோடு சேர்த்துவிடுங்கள். 'முவ' என்று தட்டினால் மூன்று வரி முகவரி பரிந்துரையில் வந்து நிற்பது பெரிய நிம்மதி.

குரல்வழி எழுதுவதைப் பற்றி: கூகுள் 2017இலேயே தமிழைச் சேர்த்துவிட்டது, அவசரச் செய்திக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் நிறுத்தக்குறிகளைக் கையால் போட வேண்டியிருக்கிறது, பேருந்தில் சொந்த விஷயத்தை உரக்கச் சொல்லவும் முடியாது. எனக்கு அது இரண்டாம்பட்சம்தான்.

பின்சேர்க்கை

படித்துவிட்டுக் கேட்டவர்களில் பலருக்கும் ஒரே சிக்கல்: கர்சரைச் சொல்லுக்கு நடுவே கொண்டுபோய் உயிர் விசையைத் தட்டினால் 'தி' வராமல் 'தஇ' என்று வருகிறதாம். சில கீபோர்டுகள் கர்சர் நகர்ந்ததும் முன்னால் இருந்த மெய்யை மறந்துவிடுகின்றன. அந்த மெய்யையும் சேர்த்து அழித்துவிட்டு த, இ என்று புதிதாகத் தட்டுங்கள், ஒட்டிக்கொள்ளும்.

தட்டச்சுப் பயிலகத்தில் படித்தவர்களும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் பழகியவர்களும் கேட்டது வேறு: "கொம்பை முதலில் போட்டே விரல் பழகிவிட்டது, இங்கே எங்கே போடுவது?" தமிழ்99இல் கொம்பு, கால், கொக்கி எதற்கும் விசை கிடையாது. பார்க்கும் வரிசையை விட்டுவிட்டு ஒலிக்கும் வரிசையில் தட்டுங்கள்: கொ என்றால் க, ஒ, கெ என்றால் க, எ, கை என்றால் க, ஐ. பழைய விரல்பழக்கம் முரண்டு பிடிக்கும்போது சொல்லை வாய்க்குள் மெல்லச் சொல்லிக்கொண்டே தட்டினால் வேகமாகப் பிடிபடுகிறது என்று அவர்களில் ஒருவரே பிறகு எழுதியிருந்தார்.