மோடத்தில் மட்டும் வடிகட்டி போட்டால் போதாது, அப்பாவின் போனிலும் போட வேண்டும்

தங்கச்சிமடத்தில் எங்கள் அண்ணன் விசைப்படகுக்குப் போகிறவர். உப்புத்தண்ணி பட்டு இரண்டு போன் போனதிலிருந்து கடலுக்குப் போகும் நாளில் போனை வீட்டிலேயே வைத்துவிடுவார். அன்று ராத்திரி அது ஆறாம் வகுப்பு படிக்கிற மகன் கையில்தான். ஒரு நாள் மதினி கூப்பிட்டார்: "தம்பி, இவன் புதுப்படம் பார்க்கிறேன்னு எதையோ தொட்டான், கருமம் வேற என்னமோ வந்து நிக்குது, எனக்கு அதை மூடக்கூடத் தெரியல." பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. திருட்டுத்தனமாகப் படம் போடும் தளங்களில் எந்த இடத்தில் விரல் பட்டாலும் ஆபாச விளம்பரம், சூதாட்ட விளம்பரம் என்று தாள் தாளாகத் திறக்கும்.

அன்றைக்கு நான் செய்ததையும், செய்த பிறகுதான் புரிந்துகொண்ட ஓட்டைகளையும் சொல்கிறேன். காசு எதுவும் செலவாகாது.

முதலில் டிஎன்எஸ். நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும் அந்தப் பெயருக்கு உரிய எண்ணைத் தேடிக் கொடுப்பது இதன் வேலை. போனில் மதினி என்று தேடினால் நம்பர் வருகிறதே, அதே மாதிரிதான். வடிகட்டும் டிஎன்எஸ் என்றால், ஆபாசத் தளம், வைரஸ் தளம் என்று தன் பட்டியலில் இருக்கும் பெயர்களுக்கு மட்டும் நம்பர் தராது, அவ்வளவுதான். கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020 முதல் இலவசமாகத் தருவது 1.1.1.3, கூடவே 1.0.0.3. இன்னும் கறாராக வேண்டுமென்றால் கிளீன்பிரவுசிங்கின் குடும்ப வடிகட்டி: 185.228.168.168, அடுத்தது 185.228.169.168. இது கூகுள் தேடலையும் யூடியூப்பையும் பாதுகாப்பான முறையில் மட்டுமே காட்ட வைக்கும், விபிஎன் (வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக நெட்டுக்குப் போக வைக்கும் ஆப்) தளங்களையும் மறிக்கும், ஆனால் ரெடிட் போன்ற, நல்லதும் கெட்டதும் கலந்த தளங்களும் சேர்ந்து போய்விடும். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தால் இதைப் போடுங்கள், பெரிய பிள்ளை இருக்கும் வீட்டுக்கு முதலில் சொன்னதே போதும் என்பது என் அபிப்பிராயம்.

வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் வைஃபையில் இருந்தபடியே உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடியுங்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மோடம் பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே லேன் அல்லது டிஹெச்சிபி என்ற பக்கத்தில் டிஎன்எஸ் 1, டிஎன்எஸ் 2 என்று இரண்டு கட்டங்கள், அவற்றில் மேலே சொன்ன எண்கள். இரண்டிலும் வடிகட்டும் எண்ணே இருக்கட்டும், ஒன்றில் பழையதை விட்டுவைத்தால் பாதி நேரம் அந்த வழியாகப் போய்விடும். ஐபிவி6 (நெட் முகவரி எண்களின் புது வகை) என்று தனிப் பக்கம் இருந்தால் அங்கேயும் மாற்றுங்கள், கிளவுட்ஃப்ளேருக்கு அது 2606:4700:4700::1113. இதை விட்டுவிட்டுத்தான் "போட்டேன், வேலை செய்யலையே" என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். சேமித்து, பெட்டியை அணைத்துப் போட்டு, அதன் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். அடியில் ஒட்டியிருப்பதைப் படிக்க உங்கள் பிள்ளைக்கும் தெரியும்.

சில நிறுவனங்களின் பெட்டியில் டிஎன்எஸ் கட்டத்தைத் தொடவே விடமாட்டார்கள். பரவாயில்லை, ஏனென்றால் நம் பக்கம் முக்கால்வாசி வீட்டில் பெட்டியே கிடையாது. பாம்பனிலோ மண்டபத்திலோ நெட் என்றால் அது போனில் போட்ட ரீசார்ஜ்தான். பெட்டியில் எவ்வளவு பூட்டுப் போட்டாலும் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவைப் போட்ட நொடியே எல்லாம் திறந்துகொள்ளும். அதனால் போனில் போடுவதுதான் முக்கியமான வேலை.

ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கு மேல் உள்ள போன்களில் செட்டிங்ஸுக்குள் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று தேடினால் கிடைக்கும். இங்கே எண் எடுக்காது, பெயர்தான் கேட்கும். ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் ஃபேமிலி, ஒரு புள்ளி, கிளவுட்ஃப்ளேர், ஒரு இடைக்கோடு, டிஎன்எஸ், ஒரு புள்ளி, காம் என்று (family.cloudflare-dns.com) இடைவெளி விடாமல் அடித்துச் சேமியுங்கள். வைஃபைக்கும் மொபைல் டேட்டாவுக்கும் இது ஒன்றே போதும். ஆனால் அந்தப் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் வாங்கும் இன்னொரு போனை இது காக்கும் என்று நம்பாதீர்கள், அதிலும் தனியாகப் போடுங்கள். ஐபோன் என்றால் ஸ்க்ரீன் டைமுக்குள் உள்ளடக்கக் கட்டுப்பாடு என்ற பகுதியில் வயது வந்தோர் தளங்களைத் தடுக்கும் வசதி இருக்கிறது, அதற்கு ஒரு ரகசிய எண்ணும் வைத்துவிடுங்கள்.

இனி ஓட்டைகள். கீழக்கரை, ஏர்வாடி, தொண்டிப் பக்கம் துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த பழைய போன் பிள்ளை கைக்கு வருவது சகஜம். அங்கே வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுப் பேச முடியாது என்பதால் அதில் ஒரு விபிஎன் ஏற்கெனவே இருக்கும். விபிஎன் ஓடினால் நம் வடிகட்டி பெரும்பாலும் செல்லாக்காசுதான். போனைக் கொடுக்கும் முன் அதை அழித்துவிடுங்கள், முடிந்தால் போனையே முழுக்க ரீசெட் செய்துவிடுவது நல்லது. குரோமில் 'பாதுகாப்பான டிஎன்எஸ்' என்ற அமைப்பில் வேறு நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் இதே கதைதான்.

பிள்ளைக்கென்று தனிப் போன் இருந்தால் கூகுள் ஃபேமிலி லிங்க் போடுங்கள், புது ஆப் எதை இறக்கினாலும் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும். அண்ணன் வீட்டைப் போல அப்பா போனே பொதுப்போன் என்றால் அது சரிப்படாது. அங்கே ஆப் பின்னிங் பரவாயில்லை: யூடியூப் கிட்ஸைத் திறந்து அதையே பின் செய்து கொடுத்தால் போனின் ரகசிய எண் தெரியாமல் வேறு எதற்குள்ளும் போக முடியாது. பின் செய்யும்போது, வெளியே வர ரகசிய எண் கேட்கும்படி டிக் போட மறக்காதீர்கள். ரம்மி, பந்தயம் போன்றவை 1.1.1.3 தடுக்கும் பட்டியலில் இல்லை, ஆகவே பிளே ஸ்டோரில் பெற்றோர் கட்டுப்பாட்டுக்கு ஒரு ரகசிய எண் வைப்பதும், ஜிபே பின்னைப் பிள்ளை எதிரில் அடிக்காமல் இருப்பதும் உங்கள் பொறுப்பு.

யூடியூப், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் குரூப் இவற்றுக்குள் வரும் வீடியோவை எந்த டிஎன்எஸ்ஸாலும் பார்க்க முடியாது. அதற்கு வாய் விட்டுப் பேசுவதைத் தவிர வேறு வழியில்லை. நான் மருமகனிடம், அதாவது அண்ணன் மகனிடம் இல்லை, அக்கா மகனிடம்தான் முதலில் பேசிப் பார்த்தேன், பெரியவன் என்பதால். "அசிங்கமாக எதாவது வந்தால் மூடிவிட்டு என்னிடம் சொல், அடிக்க மாட்டேன், போனையும் பிடுங்க மாட்டேன்" என்றேன். இரண்டாவது வாக்குறுதிதான் எடுபட்டது. யாராவது படம் அனுப்பச் சொல்லி மிரட்டினால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம், பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அப்போதுதான், அப்பாவும் வீட்டில், போனும் வீட்டில். உட்கார்ந்து இதையெல்லாம் செய்ய அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

ஒரு விஷயம்: கிளவுட்ஃப்ளேர் தடுத்தால் 'தடை' என்று பலகை வராது, தளம் கிடைக்கவில்லை என்றுதான் காட்டும். நம் ஊர் சிக்னலுக்கு யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தலைகீழாகவும் நடக்கும். எங்கள் வீட்டில் இணைப்பைச் சரிசெய்ய வந்தவர் பெட்டியை ரீசெட் செய்துவிட்டுப் போக, எல்லாம் பழையபடி திறந்துகொண்டது, எனக்கே இரண்டு வாரம் தெரியவில்லை. இப்போது அந்த எண்களை எழுதி நாள்காட்டிக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன்.