"அடிபட்டுவிட்டது" என்று மட்டும் சொல்லாதீர்கள்

மருத்துவரிடம் போனதும் நம்மில் பலர் "அடிபட்டுவிட்டது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். தமிழில் ஒவ்வொரு வகைக் காயத்துக்கும் தனிச் சொல் இருக்கிறது, அதையே சொல்லுங்கள்.

தோல் உரசி மேலாக வழன்றால் சிராய்ப்பு. முள்ளோ நகமோ கோடு போட்டால் கீறல். தோல் கிழியாமல் உள்ளே ரத்தம் கட்டிக் கன்றிப்போனால் ஊமைக்காயம். எவ்வளவு பொருத்தமான பெயர்! வெளியே தெரியாததால் இதைத்தான் பலரும் சொல்லாமல் விடுகிறார்கள். தலையிலோ வயிற்றிலோ பட்டிருந்தால் உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம், மறக்காமல் சொல்லுங்கள்.

புதிதாகப் பட்டது காயம். நாள்பட்டு ஆறாமல் இருப்பது புண். சர்க்கரை நோயாளி "காலில் புண்" என்றால், எத்தனை நாளாக என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூட்டைச் சுற்றியுள்ள நார் இழுபட்டால் சுளுக்கு, எலும்பு இடம் நழுவினால் மூட்டு விலகல், உடைந்தால் முறிவு. வீக்கமும் வலியும் மூன்றிலும் வரும். ஆகவே சுளுக்கு என்று நீங்களே முடிவுகட்டி எண்ணெய் போட்டு நீவாதீர்கள்.

இன்னொன்று. யாராவது தாக்கியிருந்தால் "அடிபட்டது" என்னாமல் "அடித்தார்கள்" என்றே சொல்லுங்கள். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் ஏறும் சொல் பின்னர் வழக்கில் சான்றாகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 116ஆம் பிரிவுப்படி, எலும்போ பல்லோ முறிந்தாலே அது வெறும் காயமல்ல, கொடுங்காயம்.